போளி மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊரில் முப்பது வயதுக்காரர்களுக்கே தொப்பை தள்ளுகிறது. ஊர்ப் போளிதான் காரணமா?
- ஒரு வாசகர், கடம்பூர்

பதில்: போளி பாவம், அதை விடுங்கள்! தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37. கரிசக்காட்டில் களை வெட்டி, பருத்தி எடுத்து, கம்மங்கஞ்சி குடித்த உடம்பு வேறு. இப்போது மூன்று வேளையும் அரிசி, ராத்திரி புரோட்டா, தெருமுனைக்குக்கூட பைக். குதிரைவாலியை விளைய வைத்து வெளியூருக்கு அனுப்பிவிட்டு நாம் அரிசி பொங்குகிறோமே, அதுதான் எனக்கு ஆத்திரம். எடையைவிட இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தாண்டினால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் உடனே சோதித்துவிடுங்கள்.