நீதிமன்ற ஏடுகளும் நாமும்

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனின் சிலை ஒன்று உண்டு. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். அந்த மணி அந்தப்புரத்தில் தொங்கவில்லை; எவரும் எட்டித் தொடக்கூடிய அரண்மனை வாயிலில் தொங்கியது. நீதியின் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதன்றோ அக்கதையின் கருத்து!

இன்றைய நீதிமன்றமும் திறந்த மன்றமே. வழக்கில் சம்பந்தமில்லாதவரும் உள்ளே சென்று அமைதியாக அமர்ந்து விசாரணையைக் கேட்கலாம். 1966-ஆம் ஆண்டு மிராஜ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பலரறிய விசாரிப்பதே பொது விதி என்றும், நீதியின் நலனுக்குத் தேவையானால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு என்றும் கூறியது. ஆனால் பேசிய சொல் காற்றோடு போய்விடும். எழுதிய ஏடுதான் நிற்கும். ஆகவே நீதிமன்ற ஏடுகளை நீதியின் இரண்டாவது வாயில் எனலாம்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். தாத்தா காலத்தில் நடந்த பாகப்பிரிவினை வழக்கில் பாட்டிக்கு ஒரு வீடு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்பின் நகல் வீட்டில் இல்லை. பின்னாளில் ஒருவர் வந்து, "இது என் வீடு" என்றால் பாட்டியின் வாய்ச்சொல் மட்டும் போதுமா? நீதிமன்ற ஏடே அவருக்குத் துணை.

நகல் பெறும் முறை கடினமன்று. நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு இவற்றைக் குறிப்பிட்டு, உரிய கட்டணத்துடன் நகல் மனு கொடுக்க வேண்டும். வழக்கில் சம்பந்தப்படாதவர், தமக்கு அது ஏன் தேவை என்பதைப் பிரமாண வாக்குமூலத்தில் கூறி அனுமதி பெற வேண்டியிருக்கும். நீதிமன்ற ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அல்ல, நீதிமன்ற விதிகளின்படியே கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

'உண்மை நகல்' என்ற சான்றும், அதிகாரியின் கையொப்பமும், தேதியும், முத்திரையும் உள்ள நகலே செல்லும். மனு கொடுத்த நாள், நகல் தயாரான நாள் முதலியனவும் அதில் குறிக்கப்படும். இவை வீண் குறிப்புகள் அல்ல. உரிமையியல் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களும், உயர் நீதிமன்றத்தில் செய்ய 90 நாட்களும் தவணை உண்டு. நகல் பெறத் தேவைப்பட்ட நாட்களை அத்தவணையிலிருந்து கழித்துவிட 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் இடமளிக்கிறது. குற்றவியல் வழக்கில் சிறைத்தண்டனை பெற்றவருக்கோ தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

இன்று 'இ-கோர்ட்ஸ்' இணையதளத்தில் வழக்கின் 16 இலக்கக் குறியீட்டைக் கொடுத்தால் அடுத்த வாய்தா எந்த நாள் என்பதை வீட்டிலிருந்தே அறியலாம். பல தீர்ப்புகளையும் படிக்கலாம். எனினும் அது அறிந்துகொள்வதற்கே. சான்றிட்ட நகலுக்கு ஈடாகாது.

எல்லா ஏடுகளும் எல்லோருக்கும் திறந்தவையா? அல்ல. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம் என்னும் விதி 1983-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. அவ்வழக்குகளின் விசாரணையும் மூடிய அறையில் நடைபெறும். சட்டத்துடன் முரண்பட்ட சிறுவர் சிறுமியரின் அடையாளத்தையும் வெளியிடக்கூடாது. இங்கே கதவு அடைக்கப்படுவது குற்றத்தை மறைக்க அன்று. துன்பப்பட்டவரையும் இளம் பிள்ளைகளையும் ஊரார் வாயிலிருந்து காக்கவே. இதை அறிந்த நாம், அத்தகைய பெயர் நம் காதில் விழுந்தாலும் அதை மற்றொருவர் காதுக்குக் கொண்டு செல்லலாகாது.

தோழியரே, வழக்குக் கட்டுகளின் சில பகுதிகள் குறித்த காலத்திற்குப் பின் விதிப்படி அழிக்கப்படுகின்றன. எனவே காலம் தாழ்த்துவது நல்லதன்று. இவ்விடுமுறையில் வீட்டிலுள்ள பழைய பத்திரப் பெட்டியைப் பெரியோரின் அனுமதியுடன் திறந்து பார்ப்போம். பழைய வழக்கு எண் ஏதேனும் கண்ணில் பட்டால் ஒரு நோட்டில் குறித்து வைப்போம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு ஒரு நகல் மனு எழுதிக் கொடுப்போம். நாம் கற்ற கல்விக்கு அதைவிட நல்ல பயன் வேறென்ன?