இழிசொல்: பொருளும் ஆட்சியும்



ஒருவரையோ ஒரு மக்கள் கூட்டத்தையோ தாழ்த்திக் காட்டும் வகையில் ஆளப்படும் சொல் இழிசொல் எனப்படும். வசைச்சொல்லும் இதுவும் ஒன்றல்ல. வசை சினத்தில் பிறந்து சினத்தோடு அடங்குவது, இழிசொல்லோ சினமே இல்லாத அன்றாடப் பேச்சிலும் பிறப்பாலோ தொழிலாலோ உடற்குறையாலோ மனிதரைக் கீழே நிறுத்துவது. பொதுவாக வழங்கிய சொல் காலப்போக்கில் இத்தகைய தாழ்ந்த பொருளை எய்துவதை மொழிநூலார் இழிபொருட்பேறு என்பர்.

நெசவூரான சேவூரின் தறிகளில் நாளும் வழங்கும் 'கூலி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பாவும் ஊடையும் முதலாளியிடம் பெற்றுப் புடவையை நெய்து கொடுக்கும் நெசவாளர் வாங்கும் ஊதியத்துக்கு அதுவே பெயர். கூலியை உயர்த்தித் தரும்படி கேட்பதில் எவருக்கும் கூச்சமில்லை. தென்னாப்பிரிக்க வெள்ளையர் நாவில் வழங்கிய 'கூலி'யோ, ஊதியத்தை விட்டு ஆளையே குறித்து, இந்தியர் அனைவரையும் இகழும் பெயராகி, வழக்கறிஞராகச் சென்ற காந்தியடிகளையும் 'கூலி பாரிஸ்டர்' ஆக்கியது.

சினமில்லாத இழிவுக்குக் 'காலனி' சான்றாகும். நகரத்தில் வங்கி ஊழியர் காலனி எனப் பெருமையோடு எழுதப்படும் இப்பெயர், சிற்றூர்களில் பட்டியல் சாதியினர் குடியிருப்பை ஊரிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாயிற்று. "ஊருங்களா, காலனிங்களா?" என்னும் கேள்வி சாதிப்பெயரைச் சொல்லாமலே சாதியைக் கேட்டுவிடுகிறது, விகுதியில் உள்ள மரியாதை கேள்வியில் இல்லை. இச்சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தது இதனாலேயே.

இகழப்பட்டோரே இழிசொல்லைத் தமதாக்கிக்கொள்ளும் மறுதலையும் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டு, பிறர் ஏளனமாகச் சொன்னதைத் தம் மக்களின் உரிமைக்குரலாக்கினார். ஆனால் அவர் அப்பெயரைச் சூடியதைக் காட்டிப் பிறர் அதை இழிசொல்லாக ஆள இடமில்லை. பட்டியல் சாதியினரைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பிறர் சாதிப்பெயரால் ஏசுவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

ஆகவே, ஒரு சொல் இழிசொல்லா என்பதை அகராதியை மட்டும் கொண்டு முடிவு செய்தல் இயலாது. அதைச் சொல்பவர் யார், யாரை நோக்கிச் சொல்கிறார், அதனால் எந்த ஏற்றத்தாழ்வு நிலைபெறுகிறது என்னும் மூன்றையும் ஆராய்ந்த பின்னும் ஐயம் நீங்காவிடில், சுட்டப்படுவோர் தமக்கு விரும்பும் பெயர் எதுவோ அதனையே ஆள்வது முறை.