கோடியக்கரைக்குக் கிளம்பும் முன்

வேதாரண்யத்திலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தெற்கே போனால் கோடியக்கரை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளமும் சதுப்பும், நடுவே கோடையிலும் பச்சை மாறாத பாலை மரக்காடு. வெளிமான்களைக் காப்பதற்காக 1967-ல் சரணாலயமானது. 2002-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இவ்வளவு இருந்தும், வெயில் ஏறியபின் வந்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று திரும்பும் குடும்பங்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இந்தக் குறிப்புகள்.

1. பூநாரை பார்க்க வேண்டுமென்றால் நவம்பர் முதல் ஜனவரி வரை போகலாம். ஆனால் நவம்பர் புயல் மாதம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்து காட்டையே உலுக்கியது இந்தப் பகுதியில்தான். மழை விட்டு மண்பாதை காய்ந்திருக்கும் ஜனவரிதான் குழந்தைகளோடு போக ஏற்றது. வெளிமானுக்குப் பருவம் இல்லை, ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும்.

2. முதல் நாள் இரவே வேதாரண்யத்தில் தங்கிவிடுங்கள். விடிந்ததும் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பெற்று உள்ளே போங்கள். வழிகாட்ட ஊர்க்காரர் யாராவது கிடைத்தால் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள். நாம் வெறும் புதர் என்று தாண்டிப் போகும் இடத்தில் அவர் நாலு மானைக் காட்டுவார்.

3. சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர் சாதமும் போதும். மூடி இறுகும் எவர்சில்வர் தூக்கில் எடுத்துப்போங்கள். வாழைப்பழச் சீப்பு, சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். பை சரசரத்தால் குரங்கு வந்துவிடும். ஒருமுறை எங்கள் பிள்ளை கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு பிடுங்கியதில் விரல் கீறி, பயணத்தைப் பாதியில் முடித்து ஊசி போட ஓடினோம். இரக்கப்பட்டு ஒரு பிடி போட்டால்கூட, அடுத்து வரும் குழந்தையின் கையில் இருப்பதைத்தான் அது பிடுங்கும். ஆகவே சாப்பாட்டை வண்டிக்குள் வைத்தே முடித்துக்கொள்ளுங்கள்.

4. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். காட்டுக்குள் கடை கிடையாது. உப்புக்காற்றில் உதடு வெடிக்கும், கிளம்பும்போதே தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள்.

5. ரப்பர் செருப்பு கூடாது. சீமைக்கருவேல முள் அடியைத் துளைத்துக் காலில் ஏறும். ஷூவும், கணுக்கால் வரை மூடும் உடையும் நல்லது. சிவப்பு, வெள்ளை நிறங்களை விட்டுக் காக்கி, பழுப்பு, மங்கிய பச்சையில் உடுத்துங்கள்.

6. மானைப் பார்க்கப் புல்வெளி ஓரத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். கிடாவுக்கு முறுக்கிவிட்டதுபோல் நீண்ட கொம்பு, கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பெட்டைக்கு வெளிர் பழுப்பு நிறம், கொம்பு இல்லை. குழந்தைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: கிளை விட்ட கொம்பு புள்ளிமானுடையது, அது ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமானின் கொம்பு விழாது. மிரண்டால் ஒரு மான் நின்ற இடத்திலிருந்தே மேலே துள்ளும், பின்னாலேயே மந்தை முழுவதும் அலை அலையாகத் துள்ளி ஓடும். அழகான காட்சிதான். ஆனால் அதைப் பார்ப்பதற்காகக் கைதட்டி விரட்டாதீர்கள். குட்டி தாயை விட்டுப் பிரிய அந்த ஓட்டமே போதும்.

7. பூநாரைகள் ஆழமில்லாத நீரில் தலைகீழாக அலகைக் கவிழ்த்து மேயும். எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தை உயர்த்தி நடக்க ஆரம்பித்தால், நீங்கள் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். அப்படியே பின்வாங்குங்கள். பைனாகுலர் இல்லாமல் போவது வீண், இரவல் வாங்கியாவது எடுத்துப்போங்கள்.

8. காட்டில் திரியும் குதிரைகள் வளர்ப்புக் குதிரையின் வழி வந்து காட்டோடு பழகிப்போனவை. தடவிக்கொடுக்கப் போகாதீர்கள்.

9. கடற்கரையில் ஈர மணலைக் குனிந்து பாருங்கள். நண்டு வளை, அதைச் சுற்றி உருட்டிப்போட்ட மணல் உருண்டைகள், குறுக்கே போன குளம்புத் தடம், நரியின் காலடி எல்லாம் அங்கே கிடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம். இரவில் டார்ச் அடித்துக்கொண்டு அலைவதைத் தவிருங்கள்.

10. தங்குமிடம் திரும்பியதும் பிள்ளைகளின் காது மடல், அக்குள், இடுப்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பு காட்டுவதும் தவறு. சதுப்புச் சேறு பட்ட துணியைக் காயவிட்டு, தட்டி உதிர்த்தபின் குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். ஒட்டுப்புல்லுக்குப் பழைய சீப்பு போதும். வண்டியின் அடிப்பாகத்தை மறுநாளே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் துருப்பிடிக்கும்.

11. குப்பைக்கென்று ஒரு துணிப்பை தனியாக எடுத்துப்போங்கள். சோறும் ஊறுகாயும் ஒட்டிய பாலிதீனை மான் உப்புருசிக்காகத் தின்றுவிடும், வயிற்றில் அது கரையாது. கடற்காற்றில் ஒரு கவர் கைநழுவினாலும் பின்னால் ஓடிப் பிடித்துவிடுங்கள். நிரம்பிய பையை வேதாரண்யம் வரை கொண்டுவந்து அங்கே குப்பைத் தொட்டியில் போடுங்கள்.