மிரளும் ஆட்டுக்குட்டியைப் பழக்குவது எப்படி?

ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் நீளமாக இருக்கும். அதனால் பக்கத்திலும் பின்னாலும் வருபவர்களைக்கூட அது பார்த்துவிடும். பதுங்கிப் போனால் நம்மையும் நாய் என்றே நினைத்து ஓடும்.

சந்தையில் வாங்கி வந்த எங்கள் குட்டி, வந்த அன்று தழையைத் தொடவே இல்லை. நான் செய்தது இதுதான்:

1. துரத்தக் கூடாது. தினமும் சாயங்காலம் கொஞ்சம் தள்ளி, சும்மா உட்காரணும்.

2. கையில் அகத்திக்கீரை நீட்டணும். அதுவாகவே வந்து தின்னணும்.

3. முதலில் தலையைத் தொடாதீங்க. மேலேயிருந்து கை வந்தால் மிரளும். தாடைக்குக் கீழே மெதுவாகச் சொறிந்து விடணும்.

எட்டாம் நாள் என் பாவாடையைக் கடித்து இழுத்தது!

பழகிய குட்டி கூப்பிட்டால் வரும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடும்போது ஓடாது. ஓடிப்போய் ஊசி தப்பிய குட்டிக்கு அந்த நோய் வந்தால் உயிர் பிழைப்பது கஷ்டம். அதனால் இப்போதே பழக்குங்க.

— 9ஆம் வகுப்பு மாணவி