டேங்கர் முதுகில் என்ன எழுதியிருக்கு?

எங்க திருநள்ளாற்றுத் தெருவில் ஒரு லாரி அண்ணன். அபாயகரமான சரக்கு ஓட்ட லைசென்ஸில் தனி ஒப்புதல் வாங்கப் படிக்கிறார். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, 9-ஆம் விதிப்படி அதுக்கு 3 நாள் பயிற்சி முடிக்கணும். ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியணும். ஒப்புதல் 3 வருஷம் செல்லும்; புதுப்பிக்க ஒரு நாள் மறுபயிற்சி.

"இருபது வருஷமா ஓட்டுறேன், இந்தப் படிப்பெல்லாம் எதுக்குடா தம்பி?" என்றார். பங்க்ல நின்ன பெட்ரோல் டேங்கரின் அவசரத் தகவல் பலகையைக் காட்டினேன்.

1203: பெட்ரோலுக்கான ஐ.நா. எண்.
அடுத்து "3 ஒய் ஈ" என்ற ஹேஸ்கெம் குறியீடு.
3: நுரையால் அணை.
ஒய்: கசிந்ததை வடிகாலில் இறங்கவிடாதே.
ஈ: சுற்றியிருக்கும் மக்களை வெளியேற்றுவதை யோசி.

"தண்ணி ஊத்தினா அணையாதா?"

"பெட்ரோல் தண்ணியைவிட லேசுண்ணா. மிதந்து, எரிஞ்சுகிட்டே பரவும்."

நம்ம ஊர்ல ரோட்டோரமெல்லாம் வாய்க்கால். சனிக்கிழமைன்னா கோயில் கூட்டம் வேற. அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அந்த ஒய்யை இன்னொரு தடவை சொல்லு" என்று நோட்டை எடுத்தார்.

அடுத்த முறை டேங்கருக்குப் பின்னாடி பைக்ல போனா, நீங்களும் படிச்சுப் பாருங்க. தள்ளி நின்னுதான்!