ஓட்டுக் கூரையைத் துப்புரவு செய்தல்

ஐப்பசி மழைக்கு முன்னரே ஓட்டுக் கூரையைத் துப்புரவு செய்தல் வேண்டும். சருகு அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி உட்புகும், மரச்சட்டங்கள் இற்றுப்போகும். இதனை நாமே செய்யலாமா, ஆள் அமர்த்தலாமா? தரையில் நின்று நீண்ட கோலால் எட்டும் தாழ்வாரச் சருகை நாமே தள்ளிவிடலாம். கூரைமேல் ஏறுவதோ வேறு. பாசல் மிஷனார் மங்களூரில் ஆலை நிறுவியபின் எங்கும் பரவிய மங்களூர் ஓடு, அடியில் சட்டம் தாங்குமிடத்தில்தான் ஓரளவு எடை பொறுக்கும். நடுவில் மிதித்தால் விரிசல் காணும். பாசி படிந்த ஓடு காலை வழுக்கும். ஓடு மாற்றும் தொழிலாளி சட்டம் செல்லும் வரிசையைக் கண்டே அடிவைப்பார். உடைந்த ஓட்டையும் உடனே மாற்றுவார். ஆதலின் அவருக்குரிய கூலியைத் தயங்காது கொடுக்கலாம். எனினும், பழகியவர்தாமே என்று அவரை வெறுமனே ஏற்றிவிடுதல் தகாது. அவர் இடுப்புக்கும் கயிறு வேண்டும். ஏணியைப் பற்றிக்கொள்ள ஒருவர் கீழே நிற்றல் வேண்டும்.