ஃபீல்டு டேக்கு முன் யாழினிக்கு

கோயம்புத்தூர்
மே 25

அன்புள்ள யாழினி கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. உங்கள் கிளப்பில் இந்த வருஷம் ஃபீல்டு டே பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நேற்று உன் அப்பா போனில் சொன்னான். ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத பெண்ணிடம் இவ்வளவு பெரிய வேலையா என்று அவனுக்குக் கவலை. எனக்குச் சந்தோஷம்தான். நானும் அங்கே ஒஹாயோவில் இருந்த காலத்தில் பல கிளப்புகளில் இந்தப் பொறுப்பு ஒரே ஆளிடம் வருஷக்கணக்கில் தங்கிவிடும். அவர் வீடு மாற்றிப் போனால், எந்தக் கயிறு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுகூட மற்றவர்களுக்குத் தெரியாது.

போன வருஷத்தைவிட அதிக பாயின்ட் எடுக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் அது இரண்டாவது கேள்வி. அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் 1933-ல் ஃபீல்டு டேயைத் தொடங்கியதிலிருந்து அது வெட்டவெளியில் கூடாரம் போட்டு, வீட்டு மின்சாரம் இல்லாமல், கையில் உள்ளதைக் கொண்டு நிலையம் அமைத்துப் பழகும் ஒத்திகை. இதைப் போட்டி என்று லீக் சொல்வதில்லை. ஸ்கோரை மட்டும் வருஷம் தவறாமல் வெளியிடுவார்கள், அதனால்தான் எல்லாருக்கும் அது போட்டியாகவே தெரிகிறது.

எதற்கு ஒத்திகை என்று கேட்டால், 2012-ல் ஃபீல்டு டே ஜூன் 23, 24-ல் வந்தது. கூடாரத்தைச் சுருட்டி, ஆன்டெனாவை இறக்கி, எல்லாரும் வேலைக்குத் திரும்பிய அதே வாரம், ஜூன் 29 வெள்ளிக்கிழமை, இண்டியானாவிலிருந்து ஒஹாயோ வழியாக வாஷிங்டன் வரை டெரேச்சோ என்கிற சூறைக்காற்று அடித்தது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் கரண்ட் போனது. சில இடங்களில் திரும்ப வர ஒரு வாரத்துக்கு மேலானது. நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் 2004 டிசம்பர். ஹாம் ஆபரேட்டர் பாரதி பிரசாத் தன் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போனது உலகத்து ஹாம்களோடு அந்தமானிலிருந்து பேசத்தான். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. பொழுதுபோக்குக்காக எழுப்பிய அதே ஆன்டெனா அன்றிலிருந்து நிவாரணச் செய்திகளைச் சுமந்தது. பேரிடர் எதுவும் முன்கூட்டி மணி அடித்துச் சொல்லிவிட்டு வருவதில்லை. அன்று யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் என் முதல் யோசனை, உங்கள் கிளப்பின் கெட்டிக்கார ஆபரேட்டர்களை மைக் முன்னால் உட்காரவைக்காதே. அவர்களுக்குப் பக்கத்து நாற்காலி போடு. மைக்கைப் பிடிப்பது புதியவர் கையாக இருக்கட்டும். டெக்னீஷியன் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு எச்.எஃப். அலைவரிசைகளில் உரிமை குறைவுதான். ஜெனரல் அல்லது எக்ஸ்ட்ரா லைசென்ஸ்காரர் கண்ட்ரோல் ஆபரேட்டராகப் பக்கத்தில் இருந்தால் அவர்கள் அங்கே பேசத் தடையில்லை. புதியவர்களை எல்லாம் அவர்களுக்கென்றே உள்ள கெட் ஆன் தி ஏர் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, முக்கிய நிலையங்களைப் பழைய கைகளே பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல கிளப்பில் உண்டு. குழந்தைகளைத் தனிப் பந்தியில் உட்காரவைப்பது போன்றது அது, எனக்குப் பிடிக்காது.

இப்போது ஆன்டெனா. இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் ஃபீல்டு டே கெட்டுப்போவது பெரும்பாலும் ரேடியோவில் அல்ல, கேபிளில். அடுத்த சனிக்கிழமையே கிளப் கேபிள்களை எல்லாம் யார் வீட்டு கராஜிலாவது பரப்பு. ஒவ்வொன்றுக்கும் மல்டிமீட்டரை வைத்து நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் நடுவில் ஷார்ட் இருக்கிறதா என்று பார். பிறகு மறுமுனையில் இரண்டையும் ஒரு கிளிப்பால் சேர்த்துவிட்டு, இந்த முனையில் தொடர்ச்சி வருகிறதா என்று பார். மீட்டர் கத்திக்கொண்டிருக்கும்போதே கனெக்டரின் கழுத்தைப் பிடித்து மெதுவாக ஆட்டு. சத்தம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. அந்த கனெக்டரை அப்போதே வெட்டி எறி, "அப்புறம் பார்க்கலாம்" என்று பெட்டிக்குள் போடாதே. சரியான கேபிளில் நீளத்தை எழுதி டேப் ஒட்டு.

40 மீட்டர் டைபோலுக்குக் கணக்கு எளிது. 468-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அடியில் மொத்த நீளம் வரும். 7.15-க்கு 65 அடிக்குச் சற்று மேல், பக்கத்துக்கு ஏறக்குறைய 33 அடி. ஆனால் தரைக்கு எவ்வளவு உயரம், கைகள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து அது நகரும். அதனால் ஓரடி கூடவே விட்டு, முனையை மடித்துக் கட்டிச் சரிசெய். வெட்டிய கம்பி வளராது. மரத்தில் கயிறு ஏற்ற உண்டிவில்லும் தூண்டில் நரம்பும் ஈயக்குண்டும் போதும். முதலில் நரம்பு, அதன் வாலில் மெல்லிய நைலான் நூல், அதன் வாலில்தான் கயிறு. நேராகக் கயிற்றையே எறிய நினைப்பவர்கள் மத்தியானம் வரை எறிந்துகொண்டிருப்பார்கள். மின்கம்பி இருக்கும் பக்கம் உண்டிவில்லை எடுக்கவே கூடாது. ஆன்டெனா அறுந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருக்கவேண்டும்.

மூன்று நிலையங்கள் ஒரே மைதானத்தில் இருந்தால் ஒன்றின் சத்தம் இன்னொன்றின் காதை அடைக்கும். 40 மீட்டர்காரர் 7 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது அதன் மூன்றாவது ஹார்மோனிக் 21-ல், அதாவது 15 மீட்டர்காரர் காதுக்குள் போய் விழும். அந்த இரண்டு கூடாரங்களையும் மைதானத்தின் எதிரெதிர் மூலைக்கு அனுப்பு. டைபோல்களை ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல், முனைக்கு முனை வருகிற மாதிரி கட்டு. கிளப்பில் பேண்ட்-பாஸ் ஃபில்டர் இருந்தால் தேடி எடு. இல்லையென்றால் இரவல் கேள். மே மாதம் ஜீனியாவில் நடந்த ஹாம்வென்ஷன் கண்காட்சியில் யாராவது வாங்கிவந்திருப்பார்கள், வெளியே சொல்லமாட்டார்கள்.

பவர் பற்றி உங்கள் கூட்டத்தில் சண்டை வரும். 5 வாட்டுக்குள் பாட்டரியிலோ சோலாரிலோ ஓட்டினால் தொடர்புகளுக்கான பாயின்ட்டை 5-ஆல் பெருக்கலாம், 100 வாட் வரை என்றால் 2-ஆல்தான். மோர்ஸ் தெரிந்த பெரியவர்கள் 5 வாட்டுக்கு வாதாடுவார்கள்; கணக்கில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் முதல்முறை மைக் பிடிக்கிற பிள்ளை 5 வாட்டில் கால் மணி நேரம் கூப்பிட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்காவிட்டால் அடுத்த வருஷம் வராது. 100 வாட்டே வைத்துக்கொள். 100 வாட் ரேடியோ முழுதாக அனுப்பும்போது 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கேட்கும்போது ஓர் ஆம்பியர் சொச்சம். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி ஒன்று ஓர் இரவு முழுக்கப் பேச்சைத் தாங்கும். எமர்ஜென்சி பவரில் ஓட்டினால் டிரான்ஸ்மிட்டர் ஒன்றுக்கு 100 பாயின்ட். ஜெனரேட்டர் வைத்தால் கூடாரத்திலிருந்து தள்ளி, காற்று போகிற திசையில் வை. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அணைத்து, சூடு ஆறிய பிறகுதான் பெட்ரோல் ஊற்றவேண்டும்.

சனிக்கிழமை உங்கள் நேரம் பிற்பகல் 2 மணிக்குத் தொடக்கம். அதற்கு முன்பே நிலையம் எழுப்பிவிட்டால் தொடர்ந்து 24 மணி நேரம்தான் இயக்கலாம். 2 மணிக்குப் பிறகே கம்பத்தைத் தொட்டவர்களுக்கு மொத்தம் 27 மணி நேரம் கிடைக்கும். அந்த மூன்று மணி நேரத்துக்கு ஆசைப்படாதே. வெள்ளி சாயங்காலமும் சனி காலையும் எழுப்பி, மத்தியானம் எல்லாருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, பிறகு ரேடியோவை ஆன் செய். பர்கரும் ஹாட் டாகும் கிளப்பில் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ எலுமிச்சைச் சாதம் ஒரு பெரிய தட்டில் வை, எது முதலில் காலியாகிறது என்று பார்.

தொடங்கியதும் முதல் இரண்டு மணி நேரம் 20 மீட்டரில் சந்தைக்கடை இரைச்சல். "த்ரீ ஆல்ஃபா, ஒஹாயோ" என்று நிலைய வகுப்பு, செக்‌ஷன் என இரண்டே விவரம்தான் பரிமாற்றம் என்றாலும் புதியவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் அவரை லாக் எழுதவிடு. எதிராளியின் கால்சைனைக் காதால் பிடித்து டைப் செய்யப் பழகட்டும். இரவு 80, 40 மீட்டர் திறந்து, பழைய ஆட்கள் தூங்கப்போன பிறகு, இரண்டு மணி மூன்று மணிக்கு மைக்கைக் கொடு. அப்போது விழித்திருப்பவர்கள் பொறுமைக்காரர்கள், திரும்பச் சொல்லச் சொன்னால் சலித்துக்கொள்ளமாட்டார்கள். டிஜிட்டலுக்குப் பேச்சைவிட இரண்டு மடங்கு பாயின்ட் என்பது உண்மை. ஒரு நிலையத்தில் எஃப்.டி.8 ஓடட்டும். ஆனால் திரையில் கிளிக் செய்துகொண்டிருந்த பிள்ளைக்குப் புயல் நாளில் செய்தி வாங்கி எழுதத் தெரியாது.

போனஸ் பாயின்ட்டுகளை மறந்துவிடாதே, நீ கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் அங்கேதான் இருக்கிறது. மக்கள் வந்துபோகும் பூங்காவில் நடத்தினால் 100, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு மேசை போட்டால் 100, மேயரோ கவுன்சிலரோ வந்து பார்த்தால் 100, லீக்கின் செக்‌ஷன் மேனேஜருக்கு முறைப்படி ஒரு செய்தி அனுப்பினால் 100. பேச்சில் 100 பாயின்ட் எடுக்க எத்தனை மணி நேரம் தொண்டை காயவேண்டும் என்று யோசித்துப் பார். மேயர் அலுவலகத்துக்கு இந்த வாரமே எழுது. ஜூன் நடுவில் எழுதினால் வரமாட்டார்கள்.

இடி இடித்தால் விவாதம் வேண்டாம். கேபிளைக் கழற்று, எல்லாரும் கார்களுக்குள் போகட்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத் திரும்பலாம். "இன்னும் ஒரே ஒரு காண்டாக்ட்" என்பவரிடம் வயது பார்க்காதே. இதைச் சொல்கிற அதிகாரத்தோடு ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளரை நியமி. அவர் முழு நேரமும் மைதானத்தில் இருந்து செக்லிஸ்ட்டை முடித்தால் அதற்கும் 100 உண்டு. அது நீயாக இருக்கவேண்டாம், உனக்கு வேறு வேலை இருக்கும்.

பெரியவர்களில் ஒருவராவது தன் நாற்காலியை விட்டுத்தர மனமில்லாமல் முகம் சுளிப்பார். அவரிடம் வாதம் செய்யாதே. "அங்கிள், இந்தப் பையனுக்கு நீங்கள்தான் கோச்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடு. ஹாம்களுக்குக் கற்றுக்கொடுப்பது பிடிக்கும், இடத்தைக் காலிசெய்யச் சொன்னால்தான் கோபம்.

உன் ட்யூட்டி சார்ட்டை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. மைக் என்ற தலைப்பின் கீழ் யார் பெயராவது இரண்டு முறை வந்திருந்தால், ஒன்றை அடித்து அங்கே புதியவர் ஒருவரின் பெயரை எழுதிவிட்டு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா